கிழக்கு மூலைக் குளம்

அந்த நிலத்துக்கு அப்போது பெயர்கூட வைத்திருக்கவில்லை. பெயர் வைப்பதற்காகக் கூடிய கூட்டங்களில் எதுவும் முடிவாகவில்லை. பேச்சு மும்முரத்தில் சாம்பார் அடிப்பிடித்ததுதான் நினைவிருக்கிறது.

கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு செம்மண் சரிவு. வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து சேர்ந்த ஒரு கைப்பிடி மனிதர்கள் நாங்கள். ஆளுக்கொரு மண் குடிசை, எல்லோருக்கும் பொதுவாகத் தார்ப்பாய் போட்ட ஒரு சமையல்கூடம். காற்று அடித்தால் தார்ப்பாய் படபடக்கும். பேசுகிறவர் நிறுத்திவிட்டு, அது அடங்கியதும் தொடர்வார். இன்று ஓட்டுக் கூரை போட்ட கூடம் இருக்கிறது. பேச்சை நிறுத்த அங்கே எதுவும் இல்லை.

எங்களை ஒன்று சேர்த்தவர் ஜெபமாலை டீச்சர். நாற்பது வயது இருக்கும். தணிகாசலம் சார் அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சர் நடத்திய ஒரு முகாமுக்கு வந்தவர், திரும்பிப் போகவே இல்லை. "உங்ககிட்ட கத்துக்கத்தான் வந்தேன்" என்பார். டீச்சர் அவரை "சார்" என்பார். அவர் இவரை "டீச்சர்" என்பார். இருவருக்குமே அது வேடிக்கையாகத் தெரியவில்லை.

முதல் வருட ஐப்பசி மழை எங்கள் நாற்றங்காலை அப்படியே வழித்துக்கொண்டு போனது. தார்ச்சாலை வரை சிவப்புத் தண்ணீர் ஓடியது. இன்னொரு முறை அப்படிப் போனால் நிலத்தில் பாறைதான் மிஞ்சும்.

அடுத்த ஐப்பசிக்குள் குளம் வெட்ட வேண்டும் என்றார் தணிகாசலம் சார். பல நாள் சரிவு முழுக்க நடந்து இடம் பார்த்தார். மேற்கே இரண்டு சரிவுத் தண்ணீரும் வந்து கூடுகிற இடத்தில் முளைக்குச்சி அடித்து நூல் கட்டினார். அதைவிட நல்ல இடம் அந்த நிலத்தில் கிடையாது. அது எங்களுக்கும் தெரிந்தது.

கூட்டத்தில் அவர்தான் எழுந்து பேசினார்.

"யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

யாரும் பேசவில்லை.

"தயங்காம சொல்லுங்க. இருக்கா?"

தார்ப்பாய் படபடத்தது.

"அப்ப எல்லாருக்கும் சம்மதம்தானே?"

எல்லாக் கைகளும் உயர்ந்தன. எங்கள் கூட்டங்களில் அவ்வளவு சீக்கிரம் எதுவும் முடிவானதில்லை. அன்று சாம்பார் நன்றாக இருந்தது.

ஜேசிபி வருவதற்குப் பாதை இல்லை. கையால்தான் வெட்ட வேண்டும். மறுநாள் விடிந்ததும் வேலை என்று பேச்சு.

விடிந்தபோது அங்கே இரண்டு பேர்தான் இருந்தார்கள். டீச்சரும் சாரும். டீச்சர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெட்ட ஆரம்பித்தார். யாரையும் கூப்பிடவில்லை. வெயில் ஏறும் வரை இருவருமாக வெட்டினார்கள். மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும்.

மூன்றாம் நாள் சார் மண்வெட்டியைத் தரையில் போட்டார்.

"எல்லாரும் கை தூக்கினாங்க, டீச்சர். நீங்களும் பாத்தீங்க."

"பாத்தேன்."

"அப்புறம் ஏன் ஒருத்தரும் வரல? வராதவங்களுக்கு ஏதாவது தண்டனைன்னு வெச்சாத்தான் சரிப்படும்."

டீச்சர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"சார், நாளைக்கு நீங்க வெட்ட வர வேண்டாம். ஒவ்வொரு வீட்டுக்கும் போய் ஒரு டம்ளர் டீ குடிச்சிட்டு வாங்க."

"போய் என்ன கேக்கணும்?"

"ஒண்ணும் கேக்க வேண்டாம்."

"குளத்தைப் பத்தி?"

"அதைக் கேக்கவே கூடாது."

சாருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் போனார்.

முதலில் மாசானம் வீட்டுக்கு. மாசானம் தச்சர், எங்கள் கதவு ஜன்னலெல்லாம் அவர் கைவேலை. டீ வந்தது. சார் குடித்தார். வெயிலைப் பற்றிப் பேசினார். அதற்கு மேல் அவருக்குப் பேசத் தெரியவில்லை. மாசானம் இழைப்புளியை ஓட்டிக்கொண்டே இருந்தார். மரச்சுருள்கள் சாரின் காலடியில் வந்து விழுந்தன.

வெகுநேரம் கழித்து மாசானமே கேட்டார்.

"சார், எங்க மேல கோவமா?"

"இல்லையே."

"நீங்க அன்னிக்கு அப்படி நின்னுக்கிட்டு ஆட்சேபணை இருக்கான்னு கேட்டீங்க. திரும்பத் திரும்பக் கேட்டீங்க. இருக்குன்னு எப்படி சார் சொல்றது? உங்க மூஞ்சியப் பாத்தா பாவமா இருந்துச்சு. கையத் தூக்கிட்டேன்."

சார் டம்ளரைக் கீழே வைத்தார்.

அடுத்தது விவியன் வீடு. இருபத்தைந்து வயதுப் பையன், எங்களில் எல்லோருக்கும் இளையவன், நன்றாகப் பாடுவான். பால் இல்லாத டீதான் கொடுத்தான். மூலையில் ஒரு பை கட்டி வைத்திருந்தது. சார் அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை அவனும் பார்த்தான்.

"மாசக் கடைசியில கிளம்பறேன் சார். டீச்சருக்கு இன்னும் தெரியாது."

சார் ஏதோ கேட்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார்.

"இங்க எல்லாம் முடிவு பண்ணித்தான் கூட்டத்துக்கு வருது சார். நான் இருந்தாலும் கை ஒண்ணு கூடும், அவ்வளவுதான்."

டீ ஆறிப்போயிருந்தது. சார் அதைக் குடித்துவிட்டு எழுந்தார்.

ஃபரீதாவின் குடிசை மேற்கு ஓரத்தில். அவள் கணவர் சலீமுக்கு டவுனில் வேலை. வாரக் கடைசியில்தான் வருவார். குழந்தை தவழ ஆரம்பித்திருந்தான். அவன் இடுப்பில் ஒரு பழைய துப்பட்டாவைக் கட்டி, மறுமுனையைக் கட்டில் காலில் முடிந்திருந்தாள். துப்பட்டா எட்டுகிற மட்டும் அவன் பின்கதவுப் பக்கம் போவான். அது இழுத்ததும் உட்கார்ந்து அழுவான். பிறகு திரும்பவும் போவான்.

சார் பின்கதவு வழியாகப் பார்த்தார். வெளியே, நாலு எட்டு வைத்தால் போய்விடுகிற தூரத்தில், அவர் அடித்த முளைக்குச்சிகள் நின்றன. பக்கத்தில் மூன்று நாள் வெட்டிய பள்ளம்.

ஃபரீதா டீயை நீட்டினாள். குளத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாரும் கேட்கவில்லை.

டீ குடித்துவிட்டு வெளியே போனவர், குனிந்து முளைக்குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். நூலைச் சுற்றிச் சட்டைப்பையில் வைத்தார். ஃபரீதா வாசலுக்கு வந்துவிட்டாள்.

"ஏன் சார் பிடுங்கறீங்க? அதான் முடிவாயிடுச்சே."

"இல்லம்மா. இன்னும் ஆகல."

சாயங்காலம் டீச்சர் சமையல்கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சார் எதிரில் உட்கார்ந்து தானும் ஒரு கீரைக்கட்டை எடுத்துக்கொண்டார்.

"எல்லார் வீட்டுலயும் குடிச்சீங்களா?"

"வயிறு எரியுது, டீச்சர்."

இருவரும் கீரை ஆய்ந்து முடித்தார்கள்.

மறுபடி கூட்டம் கூடியது. இந்த முறை சார் எழுந்து நிற்கவில்லை. பாயில் எங்களோடு உட்கார்ந்தபடியே பேசினார்.

"எனக்கு அந்த மேற்கு இடம்தான் பிடிச்சிருக்கு. இப்பவும் அதுதான் பிடிச்சிருக்கு. ஆனா முளையப் பிடுங்கிட்டேன். உங்களுக்கெல்லாம் எங்க தோணுது?"

சார் பாய்க்கோரையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறக்காமல் இருக்கப் பட்ட பாடு எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

கடைசியில் ஃபரீதா பேசினாள். "எனக்குப் பயமா இருக்கு. புள்ள தவழறான்."

"வேலி போட்டுத் தரேன்மா" என்றார் மாசானம்.

"போடலாம்ண்ணே. ஆனாலும் நான் ராத்திரி தூங்க மாட்டேன்."

விவியன் தலை நிமிர்ந்தான். "கிழக்கு மூலையில வெட்டினா? அங்க யார் வீடும் இல்ல."

எல்லோரும் சாரைப் பார்த்தோம்.

"அங்க ஒரு சரிவுத் தண்ணிதான் வரும்" என்றார் சார். "பாதி வீணா வெளிய போயிடும். மண்ணும் கெட்டி."

"பாதி நிக்குமில்ல?" என்றான் விவியன்.

"நிக்கும்."

"இந்த வருஷத்துக்குப் பாதி போதும் சார்" என்றார் மாசானம்.

அன்று யாரும் கை தூக்கச் சொல்லவில்லை. பேச்சு மண்வெட்டிக்குப் பிடி போடுவதில் போய் முடிந்தது. டீச்சர் கடைசி வரை வாயே திறக்கவில்லை.

அந்த ஆவணி, புரட்டாசியை இப்போதும் நாங்கள் பேசிக்கொள்வோம். கிழக்கு மூலை மண் கடப்பாரைக்கு மசியவில்லை. தண்ணீர் ஊற்றி ஊறவைத்து வெட்டினோம். மாசானத்துக்கு இடுப்பு வலி. குனிய முடியாதவர், கரையில் உட்கார்ந்து உடைந்த பிடிகளை மாற்றிக்கொண்டே இருந்தார். ஃபரீதா கூழ் கரைத்துக் கொண்டுவருவாள். குழந்தை மண்மேட்டில் உருண்டு செம்மண் நிறமாகி இருப்பான். ஞாயிற்றுக்கிழமை சலீம் வந்து இரண்டு ஆள் வேலை செய்வார். விவியன் பாடுவான். மாசக் கடைசி வந்தது, போனது. அவன் கிளம்பவில்லை. ஏன் என்று சார் கேட்கவில்லை.

இரவு படுத்தால் உள்ளங்கை எரியும். அந்த எரிச்சலோடு தூங்கிய தூக்கம் அப்புறம் எங்களுக்கு வாய்க்கவே இல்லை.

ஐப்பசியில் ஒரு மதியம் மழை பிடித்தது. யாரும் சொல்லாமலே எல்லோரும் கிழக்கு மூலைக்கு ஓடினோம். சாக்கைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு கரையில் நின்றோம். செந்நிறத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்து குளத்துக்குள் இறங்கியது. மாசானம் சின்னப் பிள்ளைபோலக் கத்தினார்.

சார் மட்டும் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே இன்னொரு சரிவின் தண்ணீர் தடுக்க ஆளில்லாமல் தார்ச்சாலையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அவர் சொன்னது சொன்னபடியே நடந்தது. குளத்துக்குக் கீழே இருந்த பாத்திகள் தப்பின. மேற்குப் பாத்திகளில் பாதி போயிற்று.

ஃபரீதா அவர் பக்கத்தில் வந்து நின்றாள். சாக்குக்குள் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தான். அவளும் அந்தத் தண்ணீரைப் பார்த்தாள்.

"சார், எவ்வளவு தண்ணி போகுது!"

"ஆமாம்மா."

"அடுத்த வருஷம் அங்கயும் ஒண்ணு வெட்டிடலாமா? இவனும் நடந்துடுவான். வேலிக்கு மாசானம் அண்ணன்கிட்ட நான் சொல்றேன்."

சொல்லிவிட்டுக் குழந்தை நனைகிறானென்று குடிசைக்கு ஓடினாள். அதற்குள் விவியன் மேற்கே போய், காலால் தண்ணீர் வரும் வழியைக் கோடு கிழித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சார் டீச்சரிடம் வந்தார். மூக்குக்கண்ணாடியில் மழைத்துளி.

"நான் சொன்ன அதே இடம், டீச்சர். இதுக்குத்தான் அன்னிக்கே சரின்னு சொன்னாங்களே. ஒரு வருஷத்து மண்ணு போச்சே."

"அன்னிக்கு உங்களுக்குச் சரின்னாங்க, சார்" என்றார் டீச்சர். "இப்பதான் குளத்துக்குச் சரிங்கறாங்க."