ஒருவரும் நனையாத மழை

"நான் ஊருக்கே போயிடலாம்னு இருக்கேன் மேடம்," என்றார் இருளப்பன்.

செயற்கைக்கோள் படங்களை வைத்து மழையை ஆராயும் யூனிஸ் அவருக்குக் குரு. வயதில் பத்து வருடம் இளையவர். கல்லூரியில் பாடம் நடத்திய இருளப்பன் அந்த வேலையை உதறிவிட்டுத் தன்னிடம் படிக்க வந்திருக்கிறாரே என்று, மாணவரை 'சார்' என்றுதான் கூப்பிடுவார்.

"என்னாச்சு சார்?"

"ஐப்பசியில கடல்லேருந்து கிளம்புற மழை, எங்க முதுகுளத்தூருக்கு ஏன் வந்து சேரலைன்னு தெரிஞ்சுக்கத்தான் வந்தேன். இந்தச் செயற்கைக்கோள் மேகம் இல்லாத இடத்தை மட்டும்தான் பார்க்குது. மழை பெய்யுற இடமெல்லாம் படத்துல வெறும் வெள்ளை. இத்தனை வருஷத்துல ஒரு மழையைக்கூட நான் பார்க்கலை."

காற்றின் ஈரத்தில் இரண்டு வகை நீர் உண்டு. ஒன்று கொஞ்சம் கனம், மற்றது லேசு. மழையாகும்போது கனமானது முந்திக்கொண்டு விழும். எது எவ்வளவு இருக்கிறது என்று மேலிருந்தே அளந்து சொல்லும் செயற்கைக்கோள் அது. இருளப்பனுக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். பாடம் தெரிந்து என்ன, மழை கண்ணில் படவில்லையே.

யூனிஸ் மேஜையில் இருந்த மிக்சர் டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினார்.

கோபத்திலும் பசிக்கத்தானே செய்யும். இருளப்பன் திறந்தார். ஓமப்பொடியும் பூந்தியும்தான் கிடந்தன.

"கடலையே இல்லையே மேடம்."

"கடைக்காரர் போடலையோ என்னவோ."

"நேத்து நான்தானே பிரிச்சேன். அள்ளிப் போட்டிருந்தார். யாரோ பொறுக்கித் தின்னிருக்காங்க."

"தின்னதைப் பார்த்தீங்களா?"

"அதை வேற பார்க்கணுமா? நேத்து இருந்துச்சு, இன்னைக்கு..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். டப்பாவைக் கீழே வைத்தார்.

போன ஐப்பசியில் ஒரு நாள், மேகம் ஊருக்கு மேல் கறுத்துக் கட்டி, ஒரு பொட்டுக்கூட விடாமல் போனது. அதற்கு முந்தின நாளின் படத்தைத் திரையில் திறந்தார். வங்கக் கடலின் நடுவில் வழக்கமான வெள்ளை.

அந்த வெள்ளைக்குள் நுழையுமுன் காற்று எப்படி இருந்தது என்று பார்த்தார். கனமான நீர் நிறைய இருந்தது.

அதே காற்று வெள்ளையைத் தாண்டி, கரைக்கு முன்னால் வெளியே வந்த இடத்தைப் பார்த்தார். லேசான நீர்தான் மிச்சம். கனமானது வெகுவாகக் குறைந்திருந்தது.

திரும்பத் திரும்பப் பார்த்தார்.

அங்கே கொட்டித் தீர்த்திருக்கிறது. படகு இல்லை, கரை இல்லை, ஒரு பறவைகூட இருந்திருக்காது. ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த மழை, முந்தின நாளே தண்ணீரின்மேல் தண்ணீராகப் பெய்து முடிந்திருக்கிறது. இருளப்பனுக்கு அழுகை வந்தது. அதற்கும் மேலாக, கும்பிட வேண்டும்போல் இருந்தது.

"இத்தனை மழையும் யாருமே பார்க்காமலா மேடம் பெஞ்சுது?"

யூனிஸ் திரையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தார்.

"நீங்க பார்த்துட்டு இருக்கீங்களே சார்."