மாப்பிள்ளை பார்க்க வந்த மதங்கள்

முன்னொரு காலத்தில், இப்போது பெயர் மறந்துபோன ஒரு நாட்டைக் கோதண்டவர்மன் என்ற அரசன் ஆண்டுவந்தான். ஒரு நாள் காலை கண்ணாடி பார்த்தபோது அவன் மீசையில் ஒரு நரை தெரிந்தது. பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்த்திருக்கலாம். அவனோ சாவைப் பற்றி நினைத்துவிட்டான். மதியத்துக்குள், உலகத்து மதங்களில் சிறந்தது எதுவென்று பார்த்து அதில் சேர்ந்துவிடுவதாக முடிவு செய்தான். தான் சேரும் மதத்தில்தான் குடிமக்களும் சேர வேண்டும் என்று முரசறையச் சொன்னான்.

ஓதுவார், இமாம், பாதிரியார், புத்த பிக்கு, சமண முனிவர் என ஐந்து பெரியவர்கள் சபைக்கு வந்தார்கள். அரசன் அதிரசம் தின்றுகொண்டே கேட்டான்.

"உங்கள் வழிக்கு வந்தால் எனக்கு என்ன கிடைக்கும்? எதையெல்லாம் விட வேண்டும்? அதிரசம் உண்டா, இல்லையா?"

அவர்கள் பொறுமையாகத்தான் பதில் சொன்னார்கள். சாயங்காலம் அரசனுக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

அப்போது அமைச்சர் புருடோத்தமர் எழுந்தார். சபையில் ஒரு பெண் விகடகவியாக இருப்பது அவருக்கு வெகுநாளாக ஆகவில்லை.

"மகாராஜா, தங்கள் மனம் அறிந்தவள் பூங்காவனம்தானே? அவளே தேர்ந்தெடுக்கட்டும்."

"நல்ல யோசனை" என்றான் அரசன். "பூங்காவனம், பெண் தேடுவதுபோல நன்றாக அலசி ஆராய்ந்து எனக்கு ஒரு மதத்தை முடித்து வை. பௌர்ணமிக்குள் முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போய்விடு."

பூங்காவனத்துக்கு அமைச்சர் வைத்த பொறி புரிந்தது. எதைச் சொன்னாலும் மற்ற நான்கு மதத்தார் தெருவும் கொதிக்கும். சொல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். வீட்டுக்குப் போய் எதை எடுத்துப்போவது என்று பெட்டியைத் திறந்தாள். அடியில், அவளைப் பெண் பார்க்க வந்த அன்று உடுத்திய பட்டுப்புடவை இருந்தது.

அன்று யாரோ ஒருவனுடைய அத்தை அவள் பின்னலை இழுத்து, சொந்த முடிதானா என்று பார்த்தாள். ஊசியில் நூல் கோக்கச் சொன்னாள். அத்தனை கண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தபோது, தன்னைத் தானே சந்தைக் கத்தரிக்காயைப் போலப் பார்க்கத் தொடங்கியது அவளுக்கு இன்னும் நினைவிருந்தது. பிறகு அவள் அப்பா அந்தப் பையனின் ஊருக்குப் போய்க் கிணற்றடியில் விசாரித்தார். "மாட்டைப் போட்டு அடிக்கிறவன்" என்றார்கள் பெண்கள். அந்தச் சம்பந்தம் அத்தோடு நின்றது.

பூங்காவனம் பெட்டியை மூடினாள்.

மறுநாள் அரசன் எழுந்து வரும்போது, பிக்கு சமையலறையில் உட்கார்ந்து பரிசாரகரோடு பேசிக்கொண்டிருந்தார். சமண முனிவர் குதிரை லாயத்தில் இருந்தார். இமாம் கோட்டை வாசலில். பாதிரியார் அரசியின் மாளிகையில். ஓதுவார் வண்ணானோடு.

"என்ன இது?" என்றான் அரசன். "என் வீட்டில் இவர்களுக்கு என்ன வேலை?"

"மகாராஜா, பெண் தேடுவதுபோல என்றீர்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்காமல் பெண் கொடுப்பார்களா?" என்றாள் பூங்காவனம்.

அரசனுக்குக் கோபம் வந்தது. அதைவிட ஆவல் அதிகமாக வந்தது. மீசையை நீவிக்கொண்டான். "சரி, சபைக்கு வந்து சொல்லட்டும். நல்லதாகத்தானே சொல்லியிருப்பார்கள்?"

"உப்புக் குறைந்தால் தட்டு பறக்குமாம்" என்றார் பிக்கு. "பரிசாரகர் நெற்றியில் தழும்பைக் காட்டினார்."

"பட்டத்துக் குதிரை மாப்பிள்ளையின் காலடிச் சத்தம் கேட்டாலே நடுங்குகிறது" என்றார் சமண முனிவர்.

"வாசலில் ஒரு விதவை மனுவோடு நிற்கிறார்" என்றார் இமாம். "மாமரம் பூத்தபோது வந்தாராம். இப்போது ஊரே மாம்பழம் தின்கிறது."

"தேவாரம் முடிவதற்குள் கொட்டாவி விடுகிறவர். அது எனக்கே தெரியும், விசாரிக்கத் தேவையில்லை" என்றார் ஓதுவார். "வண்ணான் சொன்னது வேறு. அதைச் சபையில் சொல்ல வேண்டாம்."

பாதிரியார் சற்றுத் தயங்கினார். "அரசியார் குறையாக ஒன்றும் சொல்லவில்லை. 'அவர் என்னிடம் பேசி ரொம்ப நாளாயிற்று. சௌக்கியமாக இருக்கிறாரா?' என்று என்னைக் கேட்டார்."

அரசன் மீசையிலிருந்து கையை எடுத்தான்.

"முடிவு என்ன, பூங்காவனம்?" குரல் சின்னதாக வந்தது.

"ஐந்து வீட்டிலும் ஒரே பதில்தான், மகாராஜா. சம்பந்தம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பையன் கொஞ்சம் திருந்தட்டும், காத்திருக்கிறோம் என்கிறார்கள்."

புருடோத்தமர் துள்ளி எழுந்தார். "பார்த்தீர்களா மகாராஜா? தங்களைச் சபையில் வைத்து அவமானப்படுத்திவிட்டாள். இவளை இன்றே..."

"அமைச்சரே," என்றாள் பூங்காவனம், "மாப்பிள்ளைத் தோழனைப் பற்றியும் விசாரித்தோம். சொல்லச் சொல்லட்டுமா?"

புருடோத்தமர் உட்கார்ந்தார். வியர்வையைத் துடைக்க அங்கவஸ்திரத்தைத் தேடினார். அது தோளிலேயே இருந்தது.

அதைப் பார்த்த அரசனுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் அமைச்சரைப் பார்த்துச் சிரித்தான். பிறகு தன்னை நினைத்துச் சிரித்தான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான்.

"ஐந்து இடத்திலும் நிறுத்தி வைத்த மாப்பிள்ளை நான் ஒருவன்தான் இருப்பேன். சரி, எனக்கு இடம் அமையும்வரை குடிமக்கள் அவரவர் சாமியைக் கும்பிடட்டும். முரசை நிறுத்துங்கள். வாசலில் மனுவோடு நிற்கும் அந்த அம்மாளை உள்ளே கூப்பிடுங்கள்."

மனுவைக் கேட்டு முடித்ததும் தன் முத்துமாலையைக் கழற்றிப் பூங்காவனத்திடம் கொடுத்தான். "சம்பந்தம் முடியாவிட்டாலும் தரகு உண்டு. இனிமேல் இந்தச் சபைக்கு யார் புதிதாக வந்தாலும் அடுப்படியிலும் லாயத்திலும் நீ விசாரித்த பிறகுதான்."

பௌர்ணமி வந்தது. பூங்காவனம் எங்கும் போகவில்லை. அரசன் மட்டும் அரசியின் மாளிகைவரை போனான். வாசலில் நின்று எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "சாப்பிட்டாயா?" என்று கேட்டான்.

அரசி எழுந்து வந்து, காய்ச்சலோ என்று அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.