தேன்சிட்டின் கூடும் செவலையின் காவலும்

காட்டை ஒட்டி ஓர் ஓட்டு வீடு இருந்தது. அந்த வீட்டில் செவலை என்றொரு பெட்டை நாய் இருந்தது. போன மழைக்காலத்தில் அது நான்கு குட்டி போட்டது. குட்டிகள் கண் திறந்து தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்ததும் வீட்டுக்காரி ஒவ்வொன்றாகத் தூக்கிக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டாள். கடைசிக் குட்டி போன அன்று செவலை சோற்றில் வாய் வைக்கவில்லை. அதற்குப் பிறகு வாசலில் படுப்பதும், எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி மறுபடியும் படுப்பதுமாகவே அதன் பொழுது போனது.

மாசி மாதத்தில் ஒரு காலை, வாசல் கூரையில் படர்ந்திருந்த முல்லைக் கொடிக்கு இரண்டு தேன்சிட்டுகள் வந்தன. அன்றிலிருந்து பெண்சிட்டுக்கு ஓயாத வேலை. சிலந்தி வலையைச் சுருட்டிக் கொண்டுவந்தது. காய்ந்த புல், மரப்பட்டைத் துணுக்கு, புழு எச்சம் என்று கண்டதையெல்லாம் அதில் ஒட்டியது. ஆண்சிட்டு கூடவே பறந்ததே தவிர ஒரு நாரைக்கூடத் தொடவில்லை. துணி காயப்போடும் கொடிக்கம்பியில் உட்கார்ந்து பாட்டுப் பாடியே தன் பங்கை முடித்துக்கொண்டது.

செவலைக்கு இதைப் பார்க்கப் பார்க்கத் தெவிட்டவில்லை. பெரிய துக்கம் கொஞ்சம் விலகியது போல இருந்தது. அது நேராகக் கூட்டுக்குக் கீழே போய் உட்கார்ந்து, நாள் முழுக்க அண்ணாந்து பார்த்தது. பூனை வந்தால் விரட்டியது. காகம் வந்தால் குரைத்தது.

ஒரு நாள் பெண்சிட்டு தாழ்வான கிளைக்கு இறங்கி வந்தது.

“அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? எங்க கூட்டைப் பார்த்தா உங்களுக்கு எப்படித் தோணுது?”

செவலைக்குப் பொய் சொல்லத் தெரியாது. கூட்டில் நூலாம்படை தொங்கியது. கிழிந்த பஸ் டிக்கெட் ஒன்றுகூட ஒட்டியிருந்தது. “மனசு வருத்தப்படாதே தங்கச்சி. காத்துல வந்த குப்பை கொடியில மாட்டிக்கிட்ட மாதிரிதான் இருக்கு.”

“அதுதான் எங்க பூட்டு. குப்பையை யாரும் ரெண்டாம் தடவை பார்க்கமாட்டாங்க. நாங்ககூட நேரா வர்றதில்லை. முதல்ல வேலி, அப்புறம் கொடிக்கம்பி, அப்புறம்தான் கூடு. நீங்க வேற எங்கயாவது படுத்துக்குங்க. இந்தப் பக்கம் பார்க்கவே பார்க்காதீங்க.”

செவலை தலையாட்டியது. ரகசியத்தைக் காப்பாற்றச் சொல்கிறது என்று அது புரிந்துகொண்டது. உயிரே போனாலும் யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தது. ஆனால் இடத்தை விட்டு மட்டும் நகரவில்லை. காவல் என்றால் முன்னால் போய் நின்று கண் கொட்டாமல் பார்ப்பது என்றுதான் எந்த நாய்க்கும் தெரியும்.

கூட்டில் இரண்டு முட்டைகள் வந்தன. இரண்டு வாரத்தில் குஞ்சுகளும் வந்தன. அவற்றின் மெல்லிய குரல் கேட்கும்போதெல்லாம், செவலையின் வற்றிப்போன மடி கனத்தது போல இருந்தது.

வேலிக்குள் ஒரு செம்போத்துப் பறவை குடியிருந்தது. அது வலப்பக்கம் போனால் நல்ல சகுனம் என்பது வீட்டுக்காரியின் நம்பிக்கை. முன்பு ஒரு முறை செவலை அதைப் பார்த்துக் குரைத்து, விளக்குமாற்றால் அடி வாங்கியிருக்கிறது. அதிலிருந்து செம்போத்து எதிரே நடந்தாலும் செவலை வாய் திறப்பதில்லை.

ஒரு நாள் செம்போத்து தன் சிவந்த கண்ணை உருட்டிக்கொண்டு வாசலுக்கே நடந்து வந்தது.

“என்ன செவலை, குட்டிங்க போனதிலிருந்து வாடிக் கிடந்தியே. இப்போ முகம் தெளிஞ்சிருக்கு. என்ன விசேஷம்?”

“ஒண்ணுமில்லை” என்றது செவலை.

அந்த நேரம் பார்த்து மேலே ஒரு குஞ்சு கத்தியது. செவலையின் கண் தானாக மேலே போனது. வால் தரையைத் தட்டியது. செம்போத்தும் அண்ணாந்து பார்த்தது. அங்கே குப்பைதான் தொங்கியது. ஆனால் குப்பையைப் பார்த்து எந்த நாயும் வாலாட்டாது என்று அதற்குத் தெரியும்.

“சரி, நல்லா இரு” என்று சொல்லிவிட்டுச் செம்போத்து போய்விட்டது. வாக்கைக் காப்பாற்றிவிட்டோம் என்று செவலைக்கு ஒரே பெருமை.

மறுநாள் மதியம் வீட்டுக்காரி கொல்லையில் கஞ்சி ஊற்றிக் கூப்பிட்டாள். செவலை நான்கு வாய் குடித்திருக்கும். வாசலில் சிட்டுகள் அலறும் சத்தம் கேட்டது. அது ஓடி வந்தபோது கூடு கிழிந்து தொங்கியது. உள்ளே ஒன்றும் இல்லை. வேலி ஓரத்தில் செம்போத்து அலகைத் துடைத்துக்கொண்டிருந்தது.

“நான் உன்கிட்ட சொல்லவே இல்லையே!” என்று செவலை கதறியது.

“நீ எங்கே சொன்னே? உன் வால்தான் சொல்லுச்சு” என்றது செம்போத்து. வலப்பக்கமாகவே நடந்து வேலிக்குள் மறைந்தது.

பெண்சிட்டு கொடிக்கம்பியில் வந்து உட்கார்ந்தது. குஞ்சுகளுக்குக் கொண்டுவந்த சின்னச் சிலந்தி இன்னும் அதன் அலகில் இருந்தது. வெகுநேரம் கழித்து அதைக் கீழே போட்டது.

“நீங்க யார்கிட்டயும் சொல்லியிருக்கமாட்டீங்கன்னு எனக்குத் தெரியும் அக்கா” என்றது. அது திட்டியிருந்தால்கூடச் செவலைக்குத் தேவலையாக இருந்திருக்கும். பிறகு சிட்டுகள் இரண்டும் பறந்துவிட்டன.

பங்குனி பாதி கடந்தது. கொல்லைப்பக்கம் மாதுளைச் செடியிலிருந்து ஆண்சிட்டின் பாட்டுக் கேட்டது. செவலை சட்டென்று எழுந்தது. வால் ஒரு முறை ஆடியது. உடனே அது வாலைக் காலுக்குள் இடுக்கிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துவிட்டது. அந்தப் பாட்டு எத்தனை நாள் கேட்டும் அது திரும்பவேயில்லை. இந்த நாய்க்குக் காதும் போய்விட்டது என்று வீட்டுக்காரி அலுத்துக்கொண்டாள்.

ஓர் உயிரிடம் எவ்வளவு பாசம் வைத்தாலும், அதற்கு எது காவல் என்று அது சொல்வதைக் கேட்டு நடக்காவிட்டால், அந்தப் பாசமே அதற்குப் பகையாகிவிடும்.