முயல் போட்ட புல் மெத்தை

ஒரு காட்டுக் குளத்தின் கரையில் செம்பி என்ற முயலும் கோணவாலன் என்ற நாயும் அண்ணன் தங்கையாக வாழ்ந்துவந்தன. செம்பிக்குப் பச்சைக் குட்டிகள். எந்த நேரம் நரி வந்து தூக்கிப்போகுமோ என்று அதற்கு ஒரே பயம். கோணவாலன்தான் புதர் வாசலில் படுத்துக் காவல் காத்தது.

முயலுக்குத் தெரிந்த பெரிய உபசாரம் புல்தானே! செம்பி இளசாகப் பார்த்துக் கடித்தெடுத்து வந்து, தான் ஒரு வாய்கூடத் தின்னாமல், அண்ணனுக்கு மெத்தை பரப்பியது.

வந்தது வினை! கோணவாலனுக்குப் புல் ஒத்துக்கொள்ளாது. படுத்த கொஞ்ச நேரத்தில் வயிறெல்லாம் தடித்துச் சிவந்தது. விரல் இடுக்கை நக்கியது, காதைச் சொறிந்தது, மரத்தில் முதுகைத் தேய்த்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவேண்டுமே! ஊஹூம்.

"மெத்தை எப்படி அண்ணே?"

"பிரமாதம் தங்கச்சி!" என்றது நாய், பல்லைக் கடித்துக்கொண்டு.

பிரமாதம் என்று சொன்னால் செம்பி சும்மா இருக்குமா? மறுநாள் மெத்தை இன்னும் தடிமனாகிவிட்டது.

சொறிந்து சொறிந்து நாயின் வயிறு புண்ணாயிற்று. தூக்கம் போயிற்று. ஒருநாள் விடிகிற வேளையில் அது அசந்து கண்ணை மூட, நரி புதருக்குள் மூக்கை நுழைத்துவிட்டது! குட்டிகள் வீலென்று கத்தின. கோணவாலன் துள்ளி எழுந்து, நரியின் வாலைக் கவ்வி இழுத்து விரட்டியது. நல்லவேளை, குட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"இனி என்னை நம்பாதே தங்கச்சி. வேற காவல் பார்த்துக்கோ. நான் போறேன்" என்றது நாய்.

செம்பிக்கு அழுகை வந்துவிட்டது. "இந்தப் புண்ணோட எங்கே போவே? இரு, மருந்து போடறேன்!" என்று ஒரு கொத்துப் புல்லை மென்று புண்ணில் அப்பியது.

"ஐயோ, எரியுதே! புல்லுதான் எனக்கு ஆகவே ஆகாதே!" என்று அலறியது நாய்.

"அடப்பாவி அண்ணே! இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீ வயித்தைக் கட்டிக் கொண்டுவந்தியே, எந்த வாயால வேண்டாம்னு சொல்றது?"

"இருக்கிற வாயாலதான்! இன்னிக்கு என் குட்டிங்க போயிருக்குமே!"

திட்டிக்கொண்டே செம்பி அந்தப் புண்ணைக் குளத்துநீரில் கழுவியது. மெத்தை முழுவதையும் இழுத்துப்போய்த் தானே தின்று தீர்த்தது. புதர் வாசலில் மொட்டைப் பாறை ஒன்று இருந்தது; அதைப் படுக்கையாக்கிக் கொடுத்தது.

"புல்லுல நடந்துட்டு வந்தா காலையும் வயித்தையும் கழுவு. ஈரம் காய்ஞ்சப்புறம் படு. புல்லு பூக்கிற சமயத்துல அந்தப் பக்கமே போகாதே. நக்கினே, தொலைச்சுப்புடுவேன்!"

அரிப்பு அடியோடு போகவில்லை. ஆனால் புண் ஆறியது, நாய்க்குத் தூக்கம் திரும்பியது, நரி அந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை.

ஆசையாகக் கொடுப்பவரிடம், எனக்கு இது ஆகாது என்று சொல்லிவிடுவதும் அன்புதான்.