மூணாவது வூஃபரும் கருகுன கதை

வள்ளியூர்ல கார் பாட்டுப்பொட்டி கடை வச்சிருக்க குணசிங் அண்ணாச்சிக்கு வாயிதான் பெரிய ஸ்பீக்கரு. அவரு சொந்தக் கார்லயே, திம்முதிம்முனு அதிருத வூஃபர் ஸ்பீக்கரு மூணாவதும் கருகிப்போச்சு.

கடையில வேலை பாக்குத அய்யாப்பழத்துக்கு ஊருல மக பொறந்து மூணு மாசம். போன்ல அவ கொட்டாவி விட்டா இவனும் விடுவான். நேர்ல இன்னும் மூஞ்சியப் பாக்கல. தெனம் லீவு கேப்பான், கெடைக்காது.

“வூஃபரு பெருசு, அதுக்குக் கரண்டு தள்ளுத ஆம்ப்ளிஃபயரு சின்னது. சின்னது எப்பிடில பெருச எரிக்கும்? வெளங்க வையி, லீவு தாரேன்”னாரு அண்ணாச்சி, கடை நெறைய ஆளு இருக்கையில, அட்டையால விசிறிக்கிட்டே.

அய்யாப்பழம் அந்தக் கையப் பிடிச்சு நீட்டுன வாக்குலயே நிறுத்திட்டான்.

“விடுல, வேர்க்குது!”

“அதேதான் அண்ணாச்சி. வூஃபரு முன்னயும் பின்னயும் போய் வந்தாத்தான் உள்ள இருக்க கம்பிச் சுருளு, அந்தக் காயிலுக்குக் காத்து. சின்ன ஆம்ப்ளிஃபயர்ல நீங்க சத்தத்தக் கடைசி வரைக்கும் திருகுனா, அது மூச்சு முட்டி, வூஃபரத் தள்ளுன எடத்துலயே பிடிச்சு வைக்குது. கரண்டு மட்டும் நிக்காது. கருகத்தான செய்யும்? நானும் மூணு மாசமா ஊருக்குப் போய் வராமக் கருகுதேன்.”

கடையே சிரிச்சுது. திருகுனது யாருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு.

“சரி, போல. எப்ப வருவ?”

“எம்மவ எப்ப என் வெரல விடுதாளோ, அப்ப.”