கறுப்பைக் கண்டால் பாயும் காவல்

மலைக்காட்டுக் குளத்தை மான்கள் அமர்த்திய செந்நாய்கள் காவல் காத்தன. முன்பு ஒரு கருஞ்சிறுத்தை அங்கே மான்குட்டியைத் தூக்கிப்போனது. அன்றிலிருந்து அவற்றுக்கு ஒரே சட்டம்: கறுப்பாக எது அசைந்தாலும் பாய்!

மிளகன் என்ற கருங்குரங்கு அந்தக் குளத்துப் பக்கமே வருவதில்லை. போன கோடையில் அவன் தம்பி தண்ணீர் குடிக்க வந்தான். கையில் ஒரு நாவற்பழம் இருந்தது. செந்நாய்கள் அவனைக் கடித்துக் கொன்றுவிட்டு, "ஏதோ ஆயுதம் என்று நினைத்தோம்!" என்றன. மான்களும் சரியென்று தலையாட்டிவிட்டுப் புல் மேயப் போய்விட்டன.

இன்று மிளகனின் மகள் தாகத்தில் துவண்டு கிடந்தாள். வேறு வழியில்லை. பட்டப்பகலில், யாரும் திடுக்கிடக் கூடாதென்று உரக்கப் பாடிக்கொண்டே வந்து, குளத்தோரக் கிளையில் தொங்கினான். பாட்டு சகிக்கவில்லை, தவளைகளே வாயை மூடிக்கொண்டன!

"நில்! கையைத் தூக்கு!" என்று குரைத்தான் காவல் தலைவன் துடியன்.

"கையை விட்டால் விழுந்துவிடுவேன் ஐயா! தொங்கிக்கொண்டிருக்கிறேனே!"

"எதிர்த்தா பேசுகிறாய்?"

துடியன் பாய்ந்தான். மிளகன் சட்டென்று மேல்கிளைக்குத் தாவினான். தொப்! துடியன் கரிய சேற்றில் விழுந்து, மூக்கு முதல் வால் வரை கறுப்பாக எழுந்தான்.

சத்தம் கேட்டு மற்ற நாய்கள் ஓடிவந்தன. "கறுப்பு! பாயுங்கள்!"

"அடேய், நான் உங்கள் தலைவன்!"

"எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள்!" ஒரு நாய் அவன் காதைக் கவ்வியது.

துடியன் முன்னங்கால்களை உயர்த்தினான். "பாருங்கள், கையைத் தூக்கிவிட்டேன்!"

"ஐயோ, பாய வருகிறான்!"

சாகட்டும் என்றுதான் மிளகனுக்கு முதலில் தோன்றியது. மறுநொடி தம்பியின் முகம் கண்முன் வந்தது. "முட்டாள்களே! மூக்கு எதற்கு இருக்கிறது? மோந்து பார்த்துவிட்டுக் கடியுங்கள்!" என்று கத்தினான்.

நாய்கள் முகர்ந்தன. அட, தலைவரின் வாடை! வெட்கத்தில் வால்கள் தொங்கின.

"உயிரைக் காப்பாற்றினாய். என்ன வேண்டும், கேள்!" என்றான் துடியன், கிழிந்த காதோடு.

"என் தம்பியையும் ஒரு தடவை மோந்து பார்த்திருக்கலாமே ஐயா!"

துடியனால் தலைநிமிர முடியவில்லை. அன்று தலையாட்டிய மான்களும் இந்த முறை சும்மா இருக்கவில்லை. "இனி நீ காவலுக்கு வேண்டாம்!" என்று அவனை விலக்கின. முகராமல் பாயக் கூடாது என்பது புதுச் சட்டமானது.

மாலையில் மிளகனின் மகள் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தாள். நாய்கள் அவளை முகர்ந்தன. "மீசை குத்துகிறது!" என்று அவள் கலகலவெனச் சிரித்தாள்.

நிறத்தைப் பார்த்துக் குற்றவாளி என்று முடிவுகட்டும் காவலால் யாருக்கும் பாதுகாப்பில்லை, காவலருக்கே இல்லை.