நிலாவுக்கு மண் எறிந்த குழியானை

அந்தக் காலத்தில் நிலா இவ்வளவு தூரத்தில் இல்லை. சாயங்காலம் பனங்காட்டுக்கு மேலே வந்து நின்றால், அதன் முகத்தில் கிடக்கும் குழிகளை ஒன்று, இரண்டு என்று எண்ணிவிடலாம். எறும்பும் ஓணானும் வாய் திறந்து பேசிய காலம் அது. பேச்சு இருந்தால் வாக்குவாதமும் இருக்கத்தானே செய்யும்?

செம்மணல் மேடுகள் நிறைந்த தேரியில் ஒற்றைப் பனை ஒன்றின் நிழலில் ஒரு குழியானை இருந்தான். யானை என்றதும் தும்பிக்கையைத் தேட வேண்டாம். உளுந்து அளவு உடம்பு, முகத்தில் இடுக்கி மாதிரி இரண்டு கொம்பு, அவ்வளவுதான். மணலில் புனல்போலக் குழி பறித்து அதன் அடியில் கிடக்கும் பூச்சி. அப்போதெல்லாம் எல்லாரையும்போல அவனும் முன்பக்கமாகத்தான் நடப்பான். குழி வெயிலுக்கு ஒதுங்க மட்டுமே, யாரையும் பிடித்துத் தின்ன அல்ல. அவனுக்கு இருந்தது ஒரே குறை. தன்னைப்போல இன்னொரு உயிரை அவன் பார்த்ததே இல்லை.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. அந்த வழியாகப் போகும் கட்டெறும்பு ஒருத்தி பனம்பழத் துணுக்கு ஏதாவது கொண்டுவந்து போட்டுவிட்டு, நாலு வார்த்தை வம்பளந்துவிட்டுப் போவாள். அவளை மதினி என்று கூப்பிடுவான். அவளும் கொழுந்தனாரே என்று வாய் நிறையக் கேலி செய்வாள்.

ஒருநாள் பொழுது சாயும் நேரம். வானத்தில் பாதி நிலா. வெளிச்சமும் இருட்டும் சேரும் ஓரத்தில் குழிகள் நிழல் கட்டித் தெளிவாகத் தெரிந்தன. குழியானை அண்ணாந்து பார்த்தான்.

"மதினி, கொஞ்சம் நில்லுங்க. மேல பாத்தீங்களா? அது என் குழி!"

"ஒம்ம குழி இங்ஙனல்லா இருக்கு."

"என்னைய மாதிரி ஒருத்தர் பறிச்ச குழின்னு சொல்லுதேன். வட்டத்தப் பாருங்க. சுத்தி வரம்பு கட்டியிருக்கதப் பாருங்க. கெடக்க மண்ணு தானா இப்படி ஆகுமா?"

"காத்து அடிச்சா இங்க மேடும் பள்ளமும் ஆகலையா? அதுக்கெல்லாம் ஆளா வச்சிருக்கு?"

"காத்து கோடு போடும் மதினி. வட்டம் போடாது."

பனையில் ஒட்டியிருந்த ஓணான் பலமாகத் தலையை ஆட்டினான். குழியானைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆனால் மதினி வாயைத் திறந்தபோதும் ஓணான் அதே மாதிரி ஆட்டினான். கடைசியாகப் பேசியவர் யாரோ அவர் பக்கம் அவன்.

அந்த நேரம் பார்த்து உச்சியிலிருந்து ஒரு பனம்பழம் பொத்தென்று மணலில் விழுந்து உருண்டு ஓடியது. விழுந்த இடத்தில் அழகான வட்டக் குழி, சுற்றிலும் வரம்பு.

"வாரும் கொழுந்தனாரே," என்றாள் மதினி. "இதை எந்தக் குழியானை பறிச்சுது?"

அவனுக்கு முகம் சுண்டிப்போனது. அந்தக் குழியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "சரி, பழம் விழுந்தும் குழி வருது. நான் பறிச்சும் குழி வருது. அப்போ மேல இருக்கது எது?"

மதினி கெட்டிக்காரி. தெரியாததைத் தெரிந்த மாதிரிப் பேச மாட்டாள். "அது எனக்கும் தெரியல," என்றாள். "ஆனா குழிய மட்டும் பாத்துட்டு ஆள் இருக்குன்னு சொல்லப்படாது. உள்ளயிருந்து மண்ணு வெளிய வருதான்னு பாக்கணும்."

"அப்போ நான் எறியுதேன். ஆள் இருந்தா திருப்பி எறியட்டும்!"

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அதே வேலை. தலையால் மணலை அள்ளி நிலாவைப் பார்த்து வீசுவான். பதில் வரும் நேரத்தில் பார்க்காமல் விட்டுவிடுவோமோ என்ற பயத்தில் கண்ணை எடுக்கவே மாட்டான். பனை மட்டை மறைத்தால், நிலாவைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் நகர்வான். ஓணானுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மதினிக்குச் சிரிப்பு வரவில்லை. இவன் இப்படி ஏங்குகிறானே என்று பாவமாக இருந்தது. நிலாவுக்கு அவளால் ஏற முடியாது. தேரி முழுக்க நடக்க முடியும். யாரிடமும் சொல்லாமல் புறப்பட்டாள்.

நாலு நாள் அலைந்தாள். ஒவ்வொரு குழியையும் எட்டிப் பார்த்தாள். பனம்பழக் குழி, முயல் காலடித் தடம், மழைத்துளி விழுந்த பள்ளம். ஒன்றிலும் ஆள் இல்லை. கால் ஓய்ந்து திரும்பி வந்தபோது, அதே ஒற்றைப் பனையின் மறுபக்கம், வேரடியில் ஒரு குழி. உள்ளேயிருந்து மண் தெறித்துக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தால், உளுந்து அளவு உடம்பு, இரண்டு கொம்பு. அதுவும் நிலாவைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

மதினி ஓட்டமாக ஓடி வந்தாள். அன்று பௌர்ணமி. முழு நிலா நேர் உச்சிக்கு ஏறியிருந்தது. குழியானை அடியில் கிடந்து நிலாவையே பார்த்துக்கொண்டிருந்தான். விளிம்பில் அவள் கால் பட்டு, நாலு மணல் உருண்டு வந்து அவன் தலையில் விழுந்தது.

மேலிருந்து மண்!

"கொழுந்தனாரே, ஒம்ம மாதிரியே ஒரு ஆள் இருக்கு! நான் கண்ணால பாத்தேன்!" என்று கத்தினாள் மதினி.

அது போதாதா அவனுக்கு? நிலா பதில் சொல்லிவிட்டது, மதினியே சாட்சி. சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் மணலை வாரி வாரி எறிந்தான். அவள் வழுக்கினாள். வழுக்கியதில் இன்னும் மணல் சரிந்தது. இன்னும் பதில் வருகிறது என்று அவன் இன்னும் வேகமாக எறிந்தான். "எங்க தெரியுமா..." என்று அவள் ஆரம்பித்தது மண்ணுக்குள் போய்விட்டது.

சத்தம் நின்ற பிறகுதான் அவனுக்கு உறைத்தது. தோண்டினான், தோண்டினான். கொம்பில் அவளைத் தூக்கி எடுத்தபோது உயிர் இல்லை. "எங்க மதினி? எங்க பாத்தீங்க?" என்று அழுதுகொண்டே கேட்டான். பனை மரத்தில் ஓணான் தலையை மட்டும் ஆட்டினான். அவன் எதையும் பார்த்திருக்கவில்லை.

எறும்புக் கூட்டம் அதோடு பேச்சை முறித்துக்கொண்டது. கொண்டுவந்து போட ஆள் இல்லாததால், தவறி உள்ளே விழுந்ததே அவனுக்குச் சாப்பாடு என்றானது. முதல் தடவை தின்றபோது தொண்டையில் இறங்கவில்லை. மதினி பார்த்த ஆள் நிலாவில்தான் இருக்கிறது என்பதில் மட்டும் அவனுக்குக் கடைசிவரை சந்தேகமே வரவில்லை.

அன்று முதல்தான் குழியானை பின்பக்கமாகவே நடக்கிறது, குழியில் ஒரு மணல் உருண்டாலும் பதில் வந்துவிட்டதென்று மண்ணை வாரி மேலே எறிகிறது. ஒரே மரத்தடியில் சாண் இடைவெளியில் பத்துக் குழி கிடந்தாலும், பத்தும் பக்கத்துக் குழியை எட்டிப் பார்க்காமல் வானத்தையே பார்த்துக் கிடக்கின்றன.